காசிக்குக் குடும்பத்தோடு போகிறோம்: மருந்துப் பையில் எதை வைப்பது, எதை விடுவது?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. அரையாண்டு விடுமுறையில் காசி, பிரயாக்ராஜ், கயா என்று ஒரு சுற்று போய்வரத் திட்டம். மொத்தம் ஏழு பேர். அப்பாவுக்கு 71 வயது, பிரஷர் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மாவுக்கு 66, சர்க்கரை, காலை மாலை இரண்டு வேளை இன்சுலின், கூடவே தைராய்டு. நான், மனைவி, தங்கை மூவருக்கும் ஒன்றும் இல்லை. மகளுக்கு 8 வயது, மகனுக்கு ஒன்றரை வயது. போக வர ரயில்தான். காசியில் சத்திரத்தில் தங்குகிறோம்.

இதுவரை எடுத்து வைத்தவை: டோலோ 650, கால்பால் சிரப், சளி இருமல் சிரப், வயிற்றுப்போக்குக்கு நார்ஃப்ளாக்ஸ் டி.இசட்., லோபராமைடு, காம்பிஃப்ளாம், சிட்ரிசின், அவோமின், டைஜீன், எலக்ட்ரால் (பேதிக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொடி), பெட்டாடைன், பஞ்சு, பேண்ட் எய்டு, வோலினி ஸ்பிரே. மாமியார் தன் பங்குக்கு ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்: ஓம வாட்டர், வசம்பு, சுக்குப் பொடி, கோடாலித் தைலம், கட்டிக் கற்பூரம்.

பை இப்போதே ஒரு குட்டி மெடிக்கல் ஷாப். எதைக் கழிக்கலாம்? எது விட்டுப்போயிருக்கிறது?

மருந்துக்கடை மணி

பட்டியலில் இல்லாததை முதலில் சொல்கிறேன் தம்பி. அப்பாவும் அம்மாவும் தினமும் போடுகிற மாத்திரைகளைக் காணோம்.

தாமிரபரணி

அது அம்மாவின் கைப்பையில் தனியாக இருக்கிறது அண்ணே. முதலுதவிப் பைதானே என்று எழுதவில்லை.

மருந்துக்கடை மணி

அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பயணத்தில் ஆஸ்பத்திரி வரைக்கும் போகிறவர்களில் பலர், புதிதாக ஏதோ வந்து போகிறவர்கள் இல்லை. இருக்கிற வியாதிக்கு மாத்திரை விட்டுப்போய்ப் போகிறவர்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. உங்கள் பையில் நம்பர் 1 அதுதான், பேண்ட் எய்டு எல்லாம் அப்புறம்.

கணக்குச் சொல்கிறேன். டிசம்பர் கடைசியில் உத்தரப் பிரதேசம் முழுக்கப் பனிமூட்டம். ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்றால் நல்ல நாள், சில நாள் ரயிலையே ரத்து செய்துவிடுவார்கள். பயண நாளுக்கு மேல் இன்னொரு வாரத்துக்கு மாத்திரை இருக்கட்டும். அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பையில் வையுங்கள். ரயிலில் ஒரு பை தொலைந்தால் மொத்தமும் போகக் கூடாது.

கடைக்காரனாக இன்னும் இரண்டு விஷயம். ஒரு அட்டையில் நாலு மாத்திரை போதும் என்று கேட்டால் நாங்கள் வெட்டித்தான் கொடுப்போம். காலாவதித் தேதி எந்த மூலையில் அச்சடித்திருக்கிறதோ அந்த மூலை எங்கள் டப்பாவிலேயே தங்கிவிடும். பயணத்துக்கு முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, திங்கள் செவ்வாய் என்று கட்டம் போட்ட மாத்திரை டப்பா பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உறையைக் கிழித்துப் போட்டபின் எது எந்த மாத்திரை என்று எனக்கே தெரியாது, காசியில் இருக்கிற டாக்டருக்கு எப்படித் தெரியும்? தைராய்டு மாத்திரை பாட்டிலில் வந்தால் அந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். அதற்கு வெளிச்சமும் ஈரமும் சூடும் ஆகாது.

கம்பெனிப் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இங்கே விற்கிற பெயர் அங்கே கிடைக்காமல் போகலாம். மருந்தின் பொதுப் பெயரும் மில்லிகிராம் அளவும் ஒரு தாளில் எழுதியிருந்தால் மக்கள் மருந்தகத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம்.

வார்டு சிஸ்டர்

மணி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் கழிக்க வேண்டியதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சளி இருமல் சிரப்பை முதலில் வெளியே எடுங்கள். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. அதற்குப் பின் மத்திய சுகாதாரத் துறை மறுபடியும் வலியுறுத்தியது: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை. கலப்படம் இல்லாத நல்ல சிரப்பாக இருந்தாலும் ஒன்றரை வயதுப் பையனுக்கு அதனால் பலன் இல்லை, தூக்கக் கலக்கமும் மூச்சுச் சிரமமும்தான் வரும். மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும்.

லோபராமைடு குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டிய மருந்து. வயிற்றுப்போக்கை அது அடைத்துவைக்கும், குணப்படுத்தாது. காய்ச்சலோடோ ரத்தம் கலந்தோ போனால் பெரியவர்களும் அதைத் தொடக் கூடாது. உங்கள் வீட்டில் அதற்கு ஒரே உபயோகம், உங்களைப் போன்ற திடகாத்திரமான ஆள் ரயிலேற வேண்டிய நேரத்தில் சமாளிப்பது. விட்டுவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை.

காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து இருக்கிறது. படித்துறைகளில் ஏறி இறங்கி அப்பாவுக்கு முட்டி வலிக்கும், யாராவது ஒரு மாத்திரை கொடுப்பீர்கள். ஸ்டென்ட்டுக்கான மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. டைக்ளோஃபெனாக் ஊசி, மாத்திரைக்கும் இதே கதை. அவருக்கு வலி என்றால் பாராசிட்டமால், மேலே தடவ ஏதாவது, அவ்வளவுதான். நிமிசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்தை யார் கொடுத்தாலும் குழந்தைகளுக்கு வேண்டாம். 12 வயதுக்குக் கீழே அது 2011 முதலே தடை.

அவோமின் ரயிலுக்குத் தேவையில்லை. மகளுக்கு வேனில் குமட்டும் வழக்கம் இருந்தால் டாக்டரிடம் அளவு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே கூடாது.

இப்போது கால்பால். இங்கேதான் நான் வார்டில் பார்க்கிற குழப்பம் நடக்கிறது. பாராசிட்டமால் சிரப் ஒரே பெயரில் இரண்டு மூன்று அடர்த்தியில் வருகிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லியில் 250 உள்ளது இன்னொன்று, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து வேறு. வயதை வைத்து அளவு சொல்ல முடியாது. எடைதான் கணக்கு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நாலு முறைக்கு மேல் இல்லை. பையன் 11 கிலோ என்று வையுங்கள். 120-ல் சுமார் 6 மில்லி, 250-ல் 3 மில்லி, சொட்டு மருந்தில் 1.5 மில்லிக்குள். பாட்டிலை மாற்றி எடுத்து 6 மில்லி ஊற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ராத்திரி 2 மணிக்கு நீல விளக்கு வெளிச்சத்தில் யார் கணக்குப் போடுவது? கிளம்பும் முன்பே இரண்டு பிள்ளைகளையும் எடை போட்டு, குழந்தை மருத்துவரிடம் சரிபார்த்து, பாட்டில் மேலேயே பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதிவிடுங்கள். டீஸ்பூனை நம்பாதீர்கள், ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வையுங்கள்.

கொங்குத் தோட்டக்காரன்

சிஸ்டர், நார்ஃப்ளாக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் எந்த ஊருக்குப் போனாலும் அது இருக்கும். வயிறு கெட்டால் காலை ஒன்று, இரவு ஒன்று, நின்றுவிடும். கயாவில் நடுராத்திரி டாக்டரை எங்கே தேடுவது?

வார்டு சிஸ்டர்

சொல்லாமல் விட்டது தனியாகச் சொல்ல வேண்டும் என்பதால்தான் அண்ணா.

பயணத்தில் வருகிற பேதி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக நிற்பது. மாத்திரை போட்ட மறுநாள் நின்றது, அதனால் மாத்திரைதான் நிறுத்தியது என்று நினைத்துக்கொள்கிறோம். தேவையில்லாமல் போடப்போட அடுத்த முறை நிஜமாகவே தேவைப்படும்போது அது கேட்காது. நார்ஃப்ளாக்சசின் வகை மருந்துகள் வயதானவர்களுக்குத் தசைநாரைப் பாதிக்கும், சர்க்கரை அளவை ஏற்றவோ இறக்கவோ செய்யும். இவர் அம்மா இன்சுலின் போடுகிறவர். பிள்ளைகளுக்கு அந்த மாத்திரை அறவே கூடாது.

கொங்குத் தோட்டக்காரன்

தத்துவம் சரி. ஆனால் வயிறு கலக்கும்போது தத்துவம் பேச முடியாது. ஊரில் இருந்தால் நீங்கள் சொல்வதைக் கேட்பேன், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க மாட்டேன்.

மருந்துக்கடை மணி

இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். குடும்ப டாக்டரைப் பார்த்து, "வெளியூர் போகிறோம், பெரியவர்களுக்கு அவசரத்துக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் எது, எத்தனை வேளை, எந்த அறிகுறி வந்தால்?" என்று கேட்டு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கும் அவர் சாப்பிடும் மற்ற மருந்துக்கும் தகுந்த மாதிரி அவர் எழுதுவார். சீட்டோடு வந்தால் நானும் சந்தோஷமாகக் கொடுப்பேன். போன வருஷ அட்டையில் மிச்சம் இருந்த நாலு மாத்திரையை எடுத்துப் பையில் போடுவதுதான் வேண்டாம்.

கொங்குத் தோட்டக்காரன்

இது ஒப்புக்கொள்ளக்கூடியது. எந்த அறிகுறி என்று எழுதி வாங்குவது எனக்குத் தோன்றாத விஷயம்.

வார்டு சிஸ்டர்

டாக்டரைப் பார்க்கிற அன்றைக்கே இன்னொன்றும் கேட்டுவிடுங்கள் தாமிரபரணி. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாந்தி பேதி கண்டால், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும்? சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், நீர் பிரியும் மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகளை உடம்பில் நீர் வற்றிய நிலையில் தொடர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். அதே சமயம் இன்சுலினைத் தானாக நிறுத்தினாலும் ஆபத்து, ஸ்டென்ட் மாத்திரையை நிறுத்தினாலும் ஆபத்து. இதை டாக்டர் கையெழுத்தில் வாங்கி வைப்பது பத்து மாத்திரை அட்டைக்குச் சமம்.

சைட் லோயர்

ரயிலிலேயே பாதி வாழ்க்கை கழிகிறவன். மருந்து பற்றி எனக்குத் தெரியாது, பை பற்றிச் சொல்கிறேன்.

மருந்துப் பையை நேர்த்தியாகக் கட்டி, பெரிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை மேல் பெர்த்தில் தூங்குகிறவர் சட்டைப்பையில் வைப்பார்கள். நடுராத்திரி குழந்தைக்கு 102 டிகிரி அடிக்கும். அப்புறம் மொத்த கம்பார்ட்மென்ட்டும் விழித்துக்கொள்ளும். மருந்துப் பை தனியாக, சின்னதாக, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும். ஜன்னல் ஓரக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள், அதைத்தான் முதலில் பிடுங்கிக்கொண்டு போவான். லோயர் பெர்த்தில் படுக்கிற பெரியவர் தலைமாட்டில் இருந்தால் நல்லது.

ரயிலில் உடம்புக்கு முடியவில்லை என்றால் 139-க்கு அழையுங்கள், டி.டி.ஆரிடமும் சொல்லுங்கள். பெட்டி எண், பெர்த் எண், பி.என்.ஆர். கையில் இருக்கட்டும். வருகிற பெரிய ஸ்டேஷனில் டாக்டர் வந்து பார்க்க ஏற்பாடு செய்வார்கள். ஊருக்குள் என்றால் அங்கேயும் 108, 112 இரண்டும் உண்டு.

பான்ட்ரி சாப்பாடு ஒரு மணிக்கு என்பார்கள், இரண்டரைக்கு வரும். சர்க்கரைக்காரர்கள் அதை மட்டும் நம்பி ஊசி போட்டுவிடாதீர்கள். என் கண் முன்னாடி ஒரு பெரியவர் வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

தாமிரபரணி

இது நான் யோசிக்கவே இல்லை. அம்மா ஊசி போட்டு அரை மணி கழித்துத்தான் சாப்பிடுவார். ரயிலில் என்ன செய்வது? இன்சுலினை இரண்டு ராத்திரி எப்படி வைத்திருப்பது? ஐஸ் பெட்டி வாங்க வேண்டுமா?

வார்டு சிஸ்டர்

டிசம்பரில் ஐஸ் பெட்டி தேவையே இல்லை. பிரிக்காத இன்சுலின்தான் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. பயன்பாட்டில் இருக்கும் பேனாவோ குப்பியோ 30 டிகிரிக்கு மேல் போகாத சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். வகைக்கு வகை கொஞ்சம் மாறும், உள்ளே இருக்கும் தாளைப் பாருங்கள். கூடுதலாக எடுத்துப்போகிற பேனாவைக் குளிர் தாங்கும் பையில் வைத்தால் போதும். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் அது வீண், உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. விடுதி ஃப்ரிட்ஜின் மேல் தட்டிலும் இதே பயம். மே மாதம் போகிறவர்களுக்குத்தான் பிரச்சினை. அவர்கள் நனைத்து வைக்கிற குளிர்ப் பை வாங்கலாம், கிராமத்தில் மண்பானையில் வைக்கிற பழைய வழியும் தப்பில்லை. யாரும் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், விமானத்தில் போனால் லக்கேஜில் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள்.

ஊசி போடுவது பற்றி: சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகு போடலாமா என்று அவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். கையோடு இட்லியோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால் இந்தப் பாடே இல்லை. குளுக்கோஸ் பொடி அம்மாவின் மடிக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடுக்கம், வேர்வை, பேச்சுக் குழறல் என்றால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்கோமீட்டருக்கு ஸ்ட்ரிப் தாராளமாக வேண்டும். காசிக் குளிரில் விரல் நுனியில் ரத்தம் வராது, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு குத்துங்கள்.

அப்புறம் அம்மாவின் பாதம். பலருக்கு இது தோன்றாது. படித்துறைக்கும் சன்னிதிக்கும் வெறுங்காலோடு நடப்பார், குளிர்ந்த கல்லில் கால் மரத்திருக்கும், முள்ளோ ஓடோ குத்தினால் தெரியாது. கனமான சாக்ஸ் நாலு ஜோடி. ராத்திரி படுக்கும் முன் தங்கையோ நீங்களோ டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குளிருது என்று காலுக்கு வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள், மரத்த காலுக்குச் சுடுவதும் தெரியாது.

மீனாட்சிபுரம் அக்கா

எல்லோரும் அந்த மாமியார் டப்பாவைத் தொடாமல் நைசாக நகருகிறீர்களே? நான் தொடுகிறேன். பாட்டி வைத்தியத்தில் பாதி பொக்கிஷம். சுக்குப் பொடி இருக்கட்டும், தொண்டைக் கரகரப்புக்கு வடக்கே கிடைக்கிற இஞ்சி டீயைவிட மேல். ஓம வாட்டர் பெரியவர்கள் வயிற்று உப்புசத்துக்கு. வேனில் குமட்டுகிற பிள்ளைக்கு இஞ்சி மரப்பாவை ஒரு துண்டு வாயில் அடக்கச் சொல்லுங்கள், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதோடுதான் ஏறுகிறார்கள். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவினால் சளி இளகும்.

வார்டு சிஸ்டர்

அக்கா, சுக்கும் இஞ்சி மரப்பாவும் ஓமமும் நான் கைவைக்க மாட்டேன். கற்பூரத்தை மட்டும் ஒன்றரை வயதுப் பையன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், கொஞ்சம் வாய்க்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரும். சாமி கும்பிட எடுத்துப்போகிற கற்பூரக் கட்டியை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. அதனால் அது பூஜைப் பையில், எட்டாத உயரத்தில். நீலகிரித் தைலமும் அப்படியே. கோடாலித் தைலத்தைப் பெரியவர்கள் நெற்றியில் தடவிக்கொள்ளட்டும், சின்னவன் மூக்கடியில் வேண்டாம். வசம்பையும் உள்ளுக்கு உரைத்துக் கொடுக்க வேண்டாம்.

மீனாட்சிபுரம் அக்கா

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். கையில் வளையமாகக் கட்டுவதற்குக்கூடத் தடையா?

வார்டு சிஸ்டர்

கட்டுங்கள் அக்கா, கடித்து விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாரிடமும் சமாதானமாக இருக்க வேண்டுமே.

பாலைவனப் பறவை

இழைக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் இங்கே படிப்பவர்களில் பிள்ளைகளைப் பார்க்க வளைகுடாவுக்கு வருகிற பெற்றோர் இருப்பீர்கள். இந்தியாவில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கிற சில மருந்துகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் என்ற வலி மருந்து, சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிச்சலுக்குத் தருகிற பிரிகாபாலின். எடுத்து வரத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே அமீரக அரசின் இணையதளத்தில் அனுமதி வாங்க வேண்டும். குருமாவுக்குப் பிரியமாகக் கசகசா கட்டிக்கொண்டு வராதீர்கள். இங்கே அது தடை செய்யப்பட்டது, சிங்கப்பூரிலும் அப்படியே.

கொங்குத் தோட்டக்காரன்

கசகசாவுக்கு ஜெயிலா! நல்லவேளை சொன்னீர்கள். அடுத்த மாதம் மச்சான் குடும்பம் ஷார்ஜா போகிறது.

காசிக்கு அடிக்கடி

காசியில் குரங்கு, நாய் இரண்டும் ஏராளம். சங்கட மோசன் கோவில் பக்கம் பிள்ளைகள் கையில் பிரசாதப் பொட்டலம் கொடுக்காதீர்கள். கடித்தாலும் நகம் கீறினாலும் பெட்டாடைனுக்கு முன்னால் சோப்பு. ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ரத்தம் வந்திருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசியும் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி கபீர் சௌராவில் இருக்கிறது, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் சுந்தர்லால் மருத்துவமனை தெற்கே லங்கா பக்கம். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் மிச்ச ஊசியை ஊர் திரும்பி நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். அதனால் பையில் ஒரு சின்ன சோப்புக் கட்டி அவசியம்.

மருந்தில் சேராத ஒன்று. குளிருக்கு அங்கே அறைக்குள் கரி அடுப்பு மூட்டி வைப்பார்கள், அங்கீட்டி என்பார்கள். கதவைச் சாத்திவிட்டு அதன் பக்கத்தில் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, ஒவ்வொரு குளிர்காலமும் வடக்கே குடும்பத்தோடு இறந்துபோன செய்தி வரும். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் அதே எச்சரிக்கை. கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

படித்துறைப் படி பாசி. சுளுக்குக்கு அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் ஒன்று, சிராய்ப்புக்குக் கிருமி நீக்கிய காஸ் துணிப் பொட்டலம், மைக்ரோபோர் டேப், மழுங்கிய நுனிக் கத்தரி, முள் எடுக்க இடுக்கி. பஞ்சை நேராகப் புண்ணில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், காஸ்தான் வேண்டும். உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாசலின்.

தாமிரபரணி

குறித்துக்கொண்டேன். எலக்ட்ரால் பற்றி யாரும் பேசவில்லை. அது மட்டுமாவது நான் சரியாக வைத்திருக்கிறேனா?

மருந்துக்கடை மணி

எத்தனை பாக்கெட்?

தாமிரபரணி

இரண்டு. கூடவே பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சுவையில் டெட்ரா பேக் நாலு.

மருந்துக்கடை மணி

டெட்ரா பேக்கில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டதே அதற்காகத்தான். சர்க்கரை கூடுதலாக இருந்தால் பேதி இன்னும் அதிகமாகும். பொடிப் பாக்கெட்டை எட்டாகக் கூட்டுங்கள். ஏழு பேர் போகிறீர்கள், ஒருவருக்கு வந்தால் மறுநாள் இன்னொருவர்.

வார்டு சிஸ்டர்

கரைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரிய பாக்கெட் முழு ஒரு லிட்டருக்கு. ரயிலில் விற்கிற 'ரயில் நீர்' பெரிய பாட்டில் சரியாக ஒரு லிட்டர், பாக்கெட் முழுவதையும் அதில் கொட்டிக் குலுக்கினால் வேலை முடிந்தது. ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் பொடி என்று கண்ணளவில் போடக் கூடாது, உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பலன் இல்லை. பாலிலோ ஜூஸிலோ கலக்காதீர்கள். கரைத்தது 24 மணி நேரம்தான். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

பையனுக்கு ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. மகளுக்கு 100 முதல் 200. தாய்ப்பாலோ வழக்கமான சாப்பாடோ நிறுத்த வேண்டாம். கூடவே ஜிங்க் சிரப், 20 மில்லிகிராம் தினமும் ஒரு வேளை, பேதி நின்றாலும் 14 நாள். சிறுநீர் ஆறு மணி நேரமாகப் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறான், குடிக்க மறுக்கிறான், ரத்தம் கலந்து போகிறது, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் பயணத்தை நிறுத்தி ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா என்று தயங்காதீர்கள், பேதியின்போது சர்க்கரைக்காரர்களுக்கும் அதுதான். அளவை மீட்டரில் பார்த்துக்கொண்டால் போதும்.

தாமிரபரணி

இருமல் சிரப், லோபராமைடு, காம்பிஃப்ளாம், டெட்ரா பேக் எல்லாம் வெளியே போய்விட்டன. நார்ஃப்ளாக்ஸ் டாக்டரைப் பார்த்த பின் முடிவு. கேட்க வேண்டியவற்றைத் தங்கை ஒரு தாளில் எழுதிவிட்டாள். ஏழு பேர் விவரத்தையும் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் அடித்து எல்லோர் போனிலும் படமாகப் போட்டுவிட்டேன்: எடை, வியாதி, மாத்திரை, ஒவ்வாமை.

இரண்டு கேள்விதான் பாக்கி. ரயிலில் பயன்படுத்திய ஊசி முனையை எங்கே போடுவது? பையனுக்கு 200 மில்லி அளவில் சின்ன ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தேடினேன், எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை.

வார்டு சிஸ்டர்

மூடி இறுக்கமான கெட்டி பிளாஸ்டிக் டப்பா, பழைய ஹார்லிக்ஸ் டப்பா போதும். அதில் போட்டுக்கொண்டே வந்து, திரும்பியதும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். ரயில் குப்பைத்தொட்டியில் போட்டால் துப்புரவுப் பணியாளர் கையில்தான் குத்தும்.

மருந்துக்கடை மணி

சின்னது கிடைக்காவிட்டால் பெரியதையே வாங்குங்கள் தம்பி. ஒரு லிட்டர் கரைத்துப் பையனுக்கு வேண்டியதை ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை வயிறு சரியில்லாத பெரியவர் யாராவது குடித்துக்கொள்ளட்டும். யாரும் இல்லையென்றால் 24 மணி நேரம் கழித்துக் கொட்டிவிடுங்கள், இருபது ரூபாய்ச் சமாச்சாரம்.